ஓடைக்கரையில் ஒரு சுமைதாங்கி

கீழக்கொல்லை, குன்னம் வழி
20-2-1946

அன்புள்ள அண்ணன் பூமாலைக்குத் தங்கை கலியம்மாள் எழுதுவது. இங்கே நான் சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமா? அண்ணிக்கு இருமல் நின்றதா?

அம்மாயியின் கருமாதி முடிந்த கையோடு, பந்தி இலையை எடுக்கும் முன்பே அரியலூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்கள். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் லீவு கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பெரிய பண்ணை வீட்டிலிருந்து காரியக்காரர் வந்தார். உட்காரக்கூட இல்லை. "கெழவி குடுத்து வச்சவ, படுத்துக் கெடக்காம பொட்டுனு போயிட்டா" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். படுக்க அவளுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? சாவதற்கு முந்திய சந்தைக்குக்கூட மிளகாய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்கு நடந்தவள் அவள். அம்மா செத்த பிறகு பேரன் பேத்தி இருவரையும் வளர்த்து, உங்களை ஹைஸ்கூலுக்கும் என்னை டீச்சர் டிரெயினிங்குக்கும் அனுப்பியது அவள் தலைதான். பருத்தி, வெங்காயம், மிளகாய், எள் என்று இந்த ஊரார் விளைவித்ததெல்லாம் அந்தத் தலைமேல் ஏறித்தான் அரியலூர் மண்டிக்குப் போனது.

சின்ன வயதில் நான் அவள் கூடவே நடந்திருக்கிறேன். தலைச்சுமைக்காரிக்கு நடப்பது பெரிய கஷ்டமில்லை, இறக்குவதுதான் கஷ்டம். திரும்பத் தூக்கிவிட ஆள் இல்லாமல் கீழே இறக்கினால் சுமை தலைக்கு ஏறாது. அதனால்தான் ரோட்டோரம் சுமைதாங்கி வைக்கிறார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டால் போதும். தலையிலிருந்து அப்படியே தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம், பிறகு தலையைக் கொடுத்தால் ஏறிக்கொள்ளும். நம் ஊரிலிருந்து அரியலூர் வரைக்கும் ஒரே ஒரு சுமைதாங்கிதான். ஏரி மேட்டில், பண்ணையாரின் மூத்த சம்சாரம் இறந்ததற்காக வைத்தது. அதில்கூட அம்மாயி ஒரு நாளும் சுமையை வைத்ததில்லை. "வையி அம்மாயி, கொஞ்சம் நிப்போம்" என்று கெஞ்சுவேன். "அது நமக்கு வச்சதில்லடி, நட" என்பாள். பண்ணை வீட்டின் மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

நான் முடிவு செய்துவிட்டேன் அண்ணே. அம்மாயி பேரில் நாமே ஒரு சுமைதாங்கி வைக்க வேண்டும். ஏரி மேட்டுக்கு அப்பால் ஓடைக்கரைதான் சரியான இடம். மணலில் இறங்கி ஏறுவதற்குள் எல்லாப் பெண்களுக்கும் உயிர் போய் வருகிறது. நீங்கள் மூத்தவர், உங்கள் சொல் இல்லாமல் செய்ய மாட்டேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

பட்டாளத்திலிருந்து உங்கள் மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. கப்பலுக்குக் காத்திருப்பதாகக் கடிதம் வந்தது.

இப்படிக்கு,
தங்கை கலியம்மாள்


அரியலூர்
14-3-1946

சௌபாக்கியவதி தங்கை கலியம்மாளுக்கு அண்ணன் பூமாலையின் ஆசீர்வாதம். இங்கு நாங்கள் இருவரும் நலம். கமலவேணிக்கு இருமல் தேவலை. உன் உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு எழுதும்போது என் விசாரிப்பைச் சொல்.

உன் கடிதம் கிடைத்தது. வேலை மும்முரத்தில் உடனே எழுத முடியவில்லை. நீ சொல்வது நல்ல எண்ணந்தான். ஆனால் சுமைதாங்கி என்பது சும்மா வைப்பதில்லை, அதற்கு ஒரு முறை இருக்கிறது. அம்மாயி வயதாகிப் போனவள். ஊரார் ஏதாவது சொல்வார்கள். வேண்டுமானால் நம் தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டலாம், ஆடு மாடு குடிக்கும், புண்ணியம். ஓடைக்கரை மட்டும் வேண்டாம். அங்கே எதையும் செய்யாதே.

பண்ணையாரிடம் இதைப் பற்றிப் பேசாதே. உன் பள்ளிக்கூடம் அவர் கொட்டகையில் நடக்கிறது என்பதை மறக்காதே. அவசரப்படாமல் இரு.

உன் நலம் நாடும்,
பூமாலை


கீழக்கொல்லை
22-3-1946

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். அண்ணி சுகமடைந்தது பற்றிச் சந்தோஷம். நான் சுகம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் பண்ணையாரிடம் பேசிவிட்டேன். இனி அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னை நிற்க வைத்தே பேசினார்.

"ஏம்மா டீச்சர், சுமைதாங்கி யாருக்கு வைக்கிறதுன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார்.

"செத்தவங்களுக்குத்தாங்க."

"எல்லாச் செத்தவங்களுக்கும் இல்ல. வயித்துப் புள்ளையோட செத்தவளுக்கு. பெத்து எறக்காத பாரத்தோட போனாளே, நாலு பேரு சொமைய எறக்கி வச்சா அவ பாரமும் எறங்கும்னு வைக்கிறது. ஒங்க கெழவி பேரன் பேத்திய ஆளாக்கிட்டுல்ல போனா? அவளுக்கு என்னா பாரம்?"

"அவங்க ஆயுசு பூரா சொமந்தாங்க. ஒங்க பருத்தியத்தான் சொமந்தாங்க."

"கூலிக்குச் சொமந்தா. மொறைன்னு ஒன்னு இருக்குல்ல? மொறைய மாத்துனா ஊருக்கு ஆவாது, போயிட்டு வா."

அவர் சொன்னதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாகவே இருக்கிறது. அவருக்கு முறை, உங்களுக்கும் முறை. எனக்குப் பண்ணையார் மேல் வந்த கோபத்தைவிட உங்கள் மேல் அதிகமாக வருகிறது. நேராகக் கேட்கிறேன், வெட்கமா உங்களுக்கு? அரியலூர் போகிற வருகிற சட்டை போட்ட உத்தியோகக்காரர்கள் ஓடைக்கரையில் ஆண்டாயி என்று அம்மாயி பேரைப் பார்த்தால், "கூட்ஸ் குமாஸ்தாவின் பாட்டி சுமைகூலியாம்" என்று பேசுவார்கள் என்றா? தெருமுனையில் ஆட்டுக்குத் தொட்டி கட்டலாம், ஆனால் நாலு பேர் போகிற ரோட்டில் வேண்டாம். அப்படித்தானே?

நீங்கள் போட்டிருக்கிற சட்டை எந்தச் சுமையில் வந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

கலியம்மாள்


கீழக்கொல்லை
30-4-1946

அண்ணன் பூமாலைக்கு, நலம், நலமறிய ஆவல். அதற்கு மேல் விசாரிக்க மனம் வரவில்லை. போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. நான் பேசியது அதிகம் என்று நினைத்தால் அதையாவது எழுதுங்கள். வசவாக இருந்தாலும் பரவாயில்லை.

இங்கே விஷயம் முற்றிவிட்டது. நான் ஊரில் இரண்டு பெண்களிடம் கல் பற்றிச் சொன்னது பண்ணையார் காதுக்குப் போய்விட்டது. காரியக்காரர் வகுப்பு நடக்கும்போதே வந்து, பிள்ளைகள் முன்னால், "ஒனக்குக் கல்லு வேணுமா பள்ளிக்கூடம் வேணுமான்னு ஐயா கேட்டாரு" என்றார். பிள்ளைகளை அ, ஆ எழுதச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன்.

உங்களைக் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பண்ணையாரிடம் நீங்கள் பேச வேண்டும். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற ஆண்பிள்ளை பேசினால் காது கொடுப்பார். என் பேச்சு அவருக்குக் கோழி கொக்கரிப்பதுதான்.

கலியம்மாள்


அரியலூர்
11-5-1946

தங்கைக்கு ஆசி. நாங்கள் நலம். நீ கல்லை விட்டுவிடு என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வெட்கமில்லை. காரணம் வேறு. கார்டில் எழுதக்கூடியதில்லை. உனக்கு இந்தப் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மற்றவை நேரில்.

பூமாலை


கீழக்கொல்லை
17-5-1946

அண்ணனுக்கு, நான் நலம்.

கார்டில் எழுத முடியாதென்றால் ஒரு கவர் வாங்கி எழுதுங்கள். தபால்காரர் உங்கள் கார்டைத் தெருவில் படித்துக்கொண்டேதான் வந்தார். "அண்ணன் கும்புடு போட்டிருக்காரும்மா" என்று கொடுத்தார்.

நேரில் என்கிறீர்கள். அம்மாயி இருந்தபோது எத்தனையோ தடவை நேரில் வந்தீர்கள், தூக்கியபோது வந்தீர்கள், கருமாதிக்கு வந்தீர்கள். அப்போதெல்லாம் சொல்லாத காரணம் இனிமேல் நேரில் வந்துவிடுமா? எழுதுங்கள்.

கலியம்மாள்


அரியலூர்
9-6-1946

என் அருமைத் தங்கை கலியம்மாளுக்கு உன் அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் கமலவேணியும் நலம். நீ இதைப் படிக்கும்போது தனியாக உட்கார்ந்து படி.

அம்மா விஷக்காய்ச்சலில் செத்ததாகத்தான் உனக்குச் சொல்லி வளர்த்தார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கு இங்கே உத்தியோகம் கிடைத்து, சேருவதற்கு நடந்து வந்தபோது அம்மாயியும் கூட வந்தாள். அன்று அவள் தலையில் என் டிரங்குப் பெட்டி இருந்தது. ஓடைக்கரை வந்ததும், "எறக்கிவுடு" என்றாள். அவள் வழியில் இறக்கி நான் பார்த்ததே இல்லை. இறக்கிவிட்டேன். மணலில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒங்கம்மா காச்சல்ல சாவலடா. இங்கதான் வுழுந்தா. அப்ப அவளுக்கு நெறமாசம். எனக்குக் கால்ல முள்ளு பழுத்து ஊணி நிக்க முடியல. பண்ணை காரியக்காரன் வாசல்ல வந்து நின்னான். பருத்தி இன்னிக்கு மண்டிக்குப் போயாவணும், நீ இல்லன்னா ஒம் மவ எடுக்கட்டும்னான். அவளால ஆவாதுங்கன்னு கால்ல வுழாத கொறையாச் சொன்னேன். அப்ப இனிமே ஒங்க வூட்டுக்கு இந்த ஊர்ல சொமையே இல்லன்னான். அவ எழுந்து தலைக்குச் சும்மாட்டச் சுத்திக்கிட்டா. ‘நீ சும்மா இரும்மா, ஓடையத் தாண்டுனா பாதி வழி’ன்னுட்டுப் போனா.

"ஓடையில அன்னிக்குத் தண்ணி. ஏறக்குள்ள வலி எடுத்துருக்கு. எறக்கி வைக்க ஒரு கல்லு இல்ல, கை குடுக்க ஒரு ஆளு இல்ல. கீழ போட்டா பருத்தி நனைஞ்சு போவும், யாரு பதில் சொல்றது? போடல. சொமையோடயே நின்னுருக்கா. பின்னாடி வந்தவளுவ பாக்கக்குள்ள சொமையோட சரிஞ்சு கெடந்தா. பொதி மட்டும் நனையல."

அதே வருஷம் பண்ணையாரின் மூத்த சம்சாரமும் பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப் போனார். ஏரி மேட்டில் கல் வைத்தார்கள். கல் வைக்கும் அன்று அம்மாயி போய், தன் மகளுக்கும் ஓடைக்கரையில் ஒரு கல் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பண்ணையார் சிரித்திருக்கிறார். "கூலிக்காரி செத்ததுக்கெல்லாம் கல்லு நட்டா ரோட்டுல வண்டி போவ எடமிருக்காது" என்றாராம். அதனால்தான் அவள் அந்தக் கல்லில் சுமையை வைத்ததில்லை. மரியாதையால் இல்லை, கலியம்மா.

"இதைக் கலியம்மாகிட்ட சொல்லிப்புடாத. அவ வாயி என் வாயி. கேட்டா சும்மா இருக்க மாட்டா, அவள இந்த ஊர்ல இருக்க வுட மாட்டானுவ" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீ எந்த இடத்தில் கல் வைக்க வேண்டும் என்று எழுதினாயோ, அந்த இடத்தின் பேரைப் படித்ததும் எனக்குக் கடிதத்தை மடிக்க முடியவில்லை. அவள் இருந்தவரைக்கும்தான் அந்தச் சத்தியம் என்று வைத்துக்கொண்டு இன்று எழுதிவிட்டேன்.

உன் அண்ணன்,
பூமாலை


கீழக்கொல்லை
28-7-1946

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் கலியம்மாள் வணக்கம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நான் இத்தனை நாள் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை. பேனாவை எடுத்தால் வசவாகத்தான் வந்தது. உங்களை வெட்கப்படுகிறவர் என்று எழுதினேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அவள் நனையாமல் காத்த பருத்தியை அன்று என்ன செய்தார்கள்? வேறு ஒருத்தி தலையில் ஏற்றி மண்டிக்கு அனுப்பியிருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊரே கூடியிருந்தது, பண்ணையாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, சுமைதாங்கி யாருக்கு வைக்கிறது மொறைன்னு ஊருக்கு ஒரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"மறுபடியுமா? வயித்துப் புள்ளையோட செத்தவளுக்குன்னு அன்னிக்கே சொன்னனே."

"யாரா இருந்தாலுங்களா?"

"யாரா இருந்தா என்ன, மொறை ஒன்னுதான்."

"அப்ப எங்க அம்மா பொன்னுத்தாய்க்கு வைக்கணுங்க. நெறமாசத்துல ஒங்க பருத்தியத் தூக்கிட்டுப் போயி ஓடைக்கரையில செத்தாங்க."

பண்ணையார், "யாரு சொன்னா? காச்சல்ல செத்தவள..." என்று தொடங்கினார். அப்போது வடக்குத் தெரு தனம் பாட்டி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "காச்சலாவது கருப்பாவது. நான்தான் பின்னாடி வந்தேன், நான்தான் தூக்கியாந்தேன். வயித்துப் புள்ளையோடதான் பொதைச்சோம். ஆண்டாயி கல்லு கேட்டு வந்ததும், நீங்க சொல்லி அனுப்புனதும் எங்க எல்லாருக்கும் தெரியும். சொன்னா கஞ்சி போயிடும்னு இத்தன நாளு கெடந்தோம்" என்றாள்.

பண்ணையார் கெட்டிக்காரர். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "மொறைன்னா மொறைதான். வச்சுடுவோம். யாரும் செலவு பண்ண வேணாம், நானே வைக்கிறேன். கல்லுல நம்ம பேரப் போட்டு உபயம்னு வெட்டிடுங்க" என்றார். ஊரார் கைதட்டினார்கள். அண்ணே, கைதட்டினார்கள். "ஐயா மனசு யாருக்கு வரும்" என்று காரியக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அம்மாயி கேட்டது ஒரு கல், அது கிடைக்கப் போகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? நீங்கள் சொல்லுங்கள். சொன்னபடி செய்கிறேன்.

கலியம்மாள்


அரியலூர்
31-7-1946

தங்கை கலியம்மாளுக்கு, நாங்கள் நலம். உன் கடிதத்தைக் கமலவேணிக்குப் படித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே, "அந்த ஆளு பேரத் தாங்கவா கல்லு வைக்கிறீங்க?" என்றாள். எனக்கும் அதுதான்.

வேண்டாம். அவர் பேர் அந்தக் கல்லில் வரக்கூடாது. பொதியை அவள் தலையில் ஏற்றியவரே இறக்கி வைத்த புண்ணியத்தையும் எடுத்துக்கொள்வதா? அவர் ஊர் முன்னால் முறை என்று ஒப்புக்கொண்டாரே, அது ஒன்று போதும். அதை இனி அவரால் திரும்ப வாங்க முடியாது.

செட்டிகுளத்துக் கல்தச்சர் தர்மனிடம் சொல்லிவிட்டேன். கல் நான் வாங்குகிறேன். என்ன எழுத வேண்டும் என்று நீ எழுதி அனுப்பு, உனக்குத்தான் எழுத்து வரும். நீ பயப்படாதே. இத்தனை நாள் நான் பயந்தது போதும்.

பூமாலை


கீழக்கொல்லை
25-8-1946

அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணிக்கு என் நமஸ்காரம் சொல்லவும். அவர்கள் சொன்ன வார்த்தைக்காக அடுத்த தடவை வரும்போது ஒரு கூடை வெங்காயம் கொண்டுவருகிறேன். இங்கே நான் சுகம், ஆனால் வேலையில்லாமல் சுகமாக இருக்கிறேன்.

உபயம் வேண்டாம் என்று பண்ணையாரிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. வெங்காயம் உலர்த்த வேண்டுமாம். பிள்ளைகள் சிலேட்டுடன் வெளியே நின்றார்கள். ஊரில் யாரும் எனக்கு மாட்டுவண்டி கொடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டாராம். கல் செட்டிகுளத்திலிருந்து எப்படி வரும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கல்லில் எழுத வேண்டியது இது:

ஆண்டாயி
மகள் பொன்னுத்தாய்
நினைவுக்கு

முதல் வரி பெரிதாக இருக்கட்டும். இதற்கும் இங்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது. "பொம்பளைக்குக் கல்லுன்னா இன்னாரு சம்சாரம்னு இல்ல போடுவாங்க? புருஷன் பேரு இல்லாம ஆத்தா பேரப் போட்டா மொறையா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். நம் அப்பன் கண்டிச் சீமைத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. பொன்னுத்தாய் சுமந்தாள், அவளைப் பெற்றவள் சுமந்தாள். ஒன்றையும் சுமக்காதவருக்குக் கல்லில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மாயி பேரைத் தனியாக வைக்கத்தானே முறை இல்லை? மகள் பேரோடு வைக்க எந்த முறையும் தடுக்காது.

கலியம்மாள்


அரியலூர்
20-9-1946

தங்கைக்கு ஆசீர்வாதம். நலம். மாப்பிள்ளை கப்பல் ஏறிவிட்டார் என்று அறிந்து கமலவேணி பொங்கல் வைத்தாள்.

நீ சும்மா கிடக்க வேண்டாம். செந்துறைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே பிள்ளைகளை மட்டும் திட்டு, ஊரைத் திட்டாதே.

வண்டிக்கு லெப்பைக்குடிகாட்டு மதார் சாயபுவைப் பார்த்தேன். அவருடைய குடும்ப மண்டிக்கும் அம்மாயி சுமந்திருக்கிறாள். நான் பேச்சை முடிக்கும் முன்பே, "ஆண்டாயி அம்மா கொண்டாந்த மூட்டைய எங்க வாப்பா பிரிச்சுப் பாக்க மாட்டாங்க தம்பி. வண்டிய ஓட்டிட்டுப் போங்க, எந்தப் பண்ணை மறிக்குதுன்னு பாக்குறேன்" என்றார்.

தர்மன் நீ எழுதியபடியே வெட்டிவிட்டார். புருஷன் பேர் எங்கே என்று அவரும் கேட்டார். என் தங்கையைப் போய்க் கேளுங்கள் என்றேன். வேண்டாம், வெட்டிவிடுகிறேன் என்றார்.

ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே நடுவோம். நான் லீவு போட்டுவிட்டேன்.

பூமாலை


செந்துறை
12-1-1947

என் அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும், கலியம்மாளும் உங்கள் மாப்பிள்ளையும் சேர்ந்து எழுதுவது. இருவரும் சுகம். அவர் பட்டாளத்துப் பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்கிறார். பொங்கலுக்கு நீங்கள் இருவரும் அவசியம் வரவேண்டும்.

கல் நட்ட அன்று நீங்கள் ஒரு பக்கம் பிடித்தீர்கள், மறுபக்கம் மதார் சாயபுவின் ஆட்கள் பிடித்தார்கள். நம் ஊர் ஆண்கள் ஒருவரும் வரவில்லை. பெண்கள்தான் வந்தார்கள். தனம் பாட்டி வெற்றுக் கூடையை எடுத்து வந்து முதலில் அதில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு நான் செந்துறைக்கு வந்துவிட்டதால், அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தேன்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போக அரியலூரில் குன்னம் பஸ் ஏறினேன். ஓடைக்கு முன்பே கண்டக்டர், "ஆண்டாயி கல்லு, ஆண்டாயி கல்லு எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த வெங்காயக்காரியைக் கேட்டேன். "இது ஒங்களுக்குத் தெரியாதாம்மா? இந்த எடத்துக்குப் பேரே அதான். சொமைய வச்சுட்டு இங்கயே பஸ் ஏறிக்குவோம், எறங்கிக்குவோம்" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என்னைத் தெரியாது, ஆண்டாயி யார் என்றும் தெரியாது. அம்மா பேர் இரண்டாம் வரியில் இருப்பதால் யாரும் சொல்வதில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஆனால் அதைவிடக் கேளுங்கள்.

முன் சீட்டில் பண்ணையார் உட்கார்ந்திருந்தார். ஓடைக்கு மேற்கே அவருடைய பருத்திக் கொல்லை இருக்கிறதே, அதைப் பார்க்கப் போகிறார் போலிருக்கிறது. வண்டி மாட்டுக்குச் சுகமில்லையோ என்னவோ, குன்னம் வரைக்கும் டிக்கெட் எடுத்துப் பஸ்ஸில் வந்திருந்தார். கண்டக்டர் சொன்னது அவர் காதில் விழுந்தது, நான் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. பஸ் நின்றது, பெண்கள் இறங்கினார்கள், மறுபடி கிளம்பியது. கொல்லை பின்னால் போகத் தொடங்கியதும் அவருக்குப் பதற்றம் வந்து, "நிறுத்து, நிறுத்து" என்று தடியால் தரையில் தட்டினார்.

"எங்கங்க எறங்கணும்?" என்றார் கண்டக்டர். புதுப் பையன், அவரைத் தெரியாது.

"இங்கதான்."

"இங்கன்னா எங்கங்க? நடு ரோட்டுல நிறுத்த மாட்டாங்க. ஸ்டாப்பு பேரச் சொல்லுங்க."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னையும் பார்த்துவிட்டார். அம்மாயி அவர் பருத்தியைச் சுமந்த காலமெல்லாம் "ஏ கெழவி", "ஏ கூலி" என்பதைத் தவிர அவளைக் கூப்பிட அவர் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை. பின்னால் போய்விட்ட கொல்லையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆண்டாயி கல்லு."

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

சத்தமாகச் சொன்னார்.

கலியம்மாள்